மூடிய மட்டி

கடற்கரையிலிருந்து மூன்று நாள் நடை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, முள்செடி, வெயில். அங்கே ஒரு குகையில் நாச்சியம்மை என்ற துறவி இருந்தாள். முன்பு சுண்ணாம்புக் காளவாய்க்குக் கல் உடைத்தவள். அவளுக்கு வயது நாற்பது. அவளுடைய சீடர் இடும்பனுக்கு அறுபது. ஞானத்துக்கு வயது வித்தியாசம் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். குகைக்கு ஏறி வருவதற்குள் மனிதர் படாத பாடு பட்டுவிட்டார்.

இடும்பன் மீனவர். ஒன்பது வருடங்களுக்கு முன் அவருடைய மகனைக் கடல் கொண்டுபோனது. உடல் கரை ஒதுங்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் யாரோடும் பேச்சில்லை. அண்ணனின் காரியம் முடியாமல் மகளின் கல்யாணமும் தள்ளிக்கொண்டே போனது. மனைவி அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் இங்கே அனுப்பிவைத்தாள். பாவம், அவள் வேறு என்னதான் செய்வாள்.

வந்த மூன்றாம் நாள் நடுப்பகலில் அவர் வாய் திறந்தார்.

“அம்மா, கடல் எம்புள்ளயத் திருப்பிக் குடுக்குமா?”

நாச்சியம்மை அவரைப் பாறையில் காதை வைத்துப் படுக்கச் சொன்னாள். ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவர் முகத்தருகே பிழிந்தாள்.

சாறு பட்ட இடத்தில் பாறை நுரைத்தது. அலை வடிந்த மணலில் நுரை உடைகிற அதே சத்தம் மெல்லக் கேட்டது. இடும்பன் பதறி எழுந்தார். சுற்றிலும் பொட்டுத் தண்ணீர் இல்லை.

“இங்க ஏதும்மா கடல்?”

“அதுமேலதான் ஐயா மூணு நாளாத் தூங்குறீங்க.”

அப்போதுதான் அவர் குகைச் சுவரை உற்றுப் பார்த்தார். சுவர் முழுக்கச் சிப்பியும் சங்கும். தலைக்கு மேலேயும் அவைதான். பழைய கடலொன்றின் அடியில் நிற்கிறோம் என்று புரிந்ததும் அவருக்கு மூச்சு முட்டியது.

அவள் சுத்தியலால் தட்டி, உருண்டையாக ஒன்றைப் பெயர்த்து அவர் கையில் வைத்தாள். கல்லாகிப்போன மட்டிச் சிப்பி. இரண்டு ஓடுகளும் இறுகப் பூட்டியிருந்தன.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செத்த மட்டி வாயப் பொளந்துரும். இது மூடியிருக்கு. உசுரோட பொதஞ்சிருக்கும்மா.”

“ஆமா.”

நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

“கடலே இல்லாமப் போச்சே. இன்னும் ஏன் தொறக்கல?”

“கடல் போயிருச்சுன்னு அதுக்கு யாரும் சொல்லல ஐயா.”