நாற்பத்தோராவது கேள்வி

கொள்கை ஆய்வுத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர் ஏழு ஆண்டுகளில் எட்டுப் படிகள் ஏற வேண்டும். பாடத்தாள்கள், தகுதித் தேர்வு, தலைப்புக்கு ஆய்வுக்குழுவின் ஒப்புதல், களப்பணி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே குழுவின் முன் முன்னேற்ற அறிக்கை, இதழ்களில் இரண்டு கட்டுரைகள், ஆய்வேடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. முன்னேற்ற அறிக்கை என்பது படியா சமதளமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கூட்டத்தில் தேநீரோடு முந்திரியும் கிடைப்பதால் யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

ஏகாம்பரம் ஏழாவது படியில் நின்றார். வயது ஐம்பத்திரண்டு. துணை வட்டாட்சியராக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தவர். அவருடைய நெறியாளர் ரெஜினா அவரைவிட எட்டு வயது இளையவர்.

ஏழாண்டுக் கெடு அன்றோடு முடிகிறது. மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை ஆராய்ச்சிப் பிரிவில் சேர்க்காவிட்டால் பதிவு ரத்து. நெறியாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. களத்தில் நிரப்பிய மூலப் படிவங்களையும் உடன் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஆற்றங்கரையிலிருந்து அகற்றி, நகருக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டவர்களிடம் வீடுவீடாகப் போய் அவரே கேட்டு எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். இரண்டு மஞ்சள் பைகளில் சுமந்து வந்திருந்தார். வழக்கமாகப் பைகளைப் பார்ப்பார்கள், படிவங்களைப் பார்ப்பதில்லை.

மணி நாலு இருபது. ரெஜினா பேனாவைத் திறந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"இப்பவா சார்? ஏழு வருஷமா எங்க போயிருந்துச்சு அது?"

"வாய்மொழித் தேர்வுல, இந்த ஆய்வால அந்த ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டா என்ன சொல்றது?"

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"கடைசி இயல்ல இருக்கற பரிந்துரைகளைக் காட்டுவாங்க."

"நீங்களும் காட்டுங்களேன்."

"காட்டலாம். டைப் அடிக்கும்போதே எனக்குத் தூக்கம் வந்துச்சு மேடம்."

ரெஜினா சிரிக்கவில்லை. பைகளைப் பார்த்தார்.

"ஒரு படிவம் எடுங்க. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கற படிவமாப் பாத்து எடுங்க."

கடைசிக் கேள்வி நாற்பத்தொன்று. 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?' மற்ற நாற்பதுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதில்களுக்கு எண் கொடுத்தாயிற்று. இதற்கு என்ன எண் கொடுப்பது? பேசாதவர்களுக்குத் தொண்ணூற்றெட்டு, பேசியவர்களுக்குத் தொண்ணூற்றொன்பது என்று குழு தீர்மானித்தது. கணினி இரண்டு எண்களையும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டது. பேசாதவர்கள் இருநூற்று எண்பத்தொன்பது பேர். பேசியவர்கள் இருபத்து மூன்று. ஏகாம்பரத்துக்கு எண்ணிக்கை மனப்பாடம். அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

பைகளிலிருந்து கட்டுகட்டாக எடுத்துப் புரட்டி, கால் மணி நேரம் கழித்து ஒன்றை உருவினார். அவருடைய கையெழுத்துதான், வேகமாக எழுதியது.

"ஏழாம் பிளாக், பவுனம்மா," என்று வாசித்தார். "'தண்ணித் தொட்டித் தூண்ல வெடிப்பு ஓடுது. கீழதான் பிள்ளைங்க விளையாடுதுங்க. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தோம். நல்லவேளை, ஆபீசர் நீங்களே வந்துட்டீங்க.'"

படிவத்தில் தேதி ஜூன் பதினொன்று. தொட்டி விழுந்தது அதே ஆண்டு நவம்பரில். மூன்று குழந்தைகள். அவர்கள் ஆய்வேட்டின் நான்காம் இயலில் 'பராமரிப்பில் இடைவெளி' என்ற அட்டவணையில், வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார்கள். அந்த அட்டவணைக்காகவே ஒரு கருத்தரங்கில் சிறந்த கட்டுரைக்கான கேடயம் கொடுத்தார்கள். கேடயம் ஏகாம்பரம் வீட்டு டிவி ஸ்டாண்டில் இருக்கிறது.

"நான்தான் கேட்டிருக்கேன்," என்றார். "என் கையாலதான் எழுதியிருக்கேன். நம்பரைப் போட்டு மூட்டை கட்டிட்டேன் மேடம்."

"அடியில பாருங்க."

படிவத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை. அதன்மேல் பச்சை மையில் ஒரு சுருக்கொப்பம். ரெஜினாவுடையது. முந்நூற்றுப் பன்னிரண்டிலும் அதே முத்திரை, அதே பச்சை.

"ஒரே மத்தியானத்துல போட்டது," என்றார் ரெஜினா. "எல்லாக் கட்டமும் ரொம்பியிருக்கான்னு பாத்தேன். ரொம்பியிருந்துச்சு."

மேசைமேல் ஏகாம்பரத்தின் போன் அடித்தது. ஆராய்ச்சிப் பிரிவு எழுத்தர் தாமோதரன்.

"சார், மணி நாலே முக்கால். வர்றீங்களா, கவுன்டரைச் சாத்திடவா? அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

ஏகாம்பரம் இணைப்பைத் துண்டித்துப் போனைக் கவிழ்த்து வைத்தார். பவுனம்மாவின் படிவத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இதை எந்த இயல்ல சேர்க்கறது மேடம்?"

ரெஜினா பேனாவை மூடினார்.

"கையெழுத்து..." என்றார் ஏகாம்பரம்.

"இன்னும் இருபத்திரண்டு இருக்கு சார். அதுல இன்னும் விழாதது ஏதாவது இருக்கலாம். சத்தமாப் படிங்க. நானும் படிக்கல."