சிவப்பு மையில் ஒரு திருத்தம்

மலையுச்சி வானாய்வகத்தில் இருந்த லூர்தம்மாள், பதினோரு சிறுகோள்களைக் கண்டுபிடித்தவர். அவரிடம் வேலை கற்க வந்த சங்கரபாண்டி அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சர்வேயராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர்.

ஒரு காலை சங்கரபாண்டி ஒரு தாளை நீட்டினார். முந்தைய இரவு ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. 'புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தேன்' என்று எழுதியிருந்தார்.

லூர்தம்மாள் கடைசிச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'கண்டேன்' என்று எழுதினார்.

"என்ன மேடம், பாதியை வெட்டிட்டீங்க?"

"நாளன்னைக்கு அது எங்க நிக்கும்?"

சங்கரபாண்டிக்குத் தெரியவில்லை. "முப்பது வருஷம் கல் நட்டவன் மேடம் நான்."

"அந்தக் கல்லெல்லாம் நட்ட இடத்துலயே நிக்கும், சார்."

"வீட்ல சொல்லிட்டேன். கண்டுபிடிச்சவர்தான் பேர் வைக்கலாமாமே. அவ பேரைத்தான் வைக்கப்போறேன்னு."

"அப்ப சீக்கிரம் பிடிங்க."

ஆறு நாள் மேகம் விலகவில்லை. புள்ளி எங்கே இருக்கலாம் என்று அவர் தினமும் வரைபடத்தில் வட்டம் போட்டார். நாளாக ஆக வட்டம் பெரிதானது. ஏழாம் நாள் வானம் திறந்தது. வட்டத்தின் ஓரத்தில் அது அகப்பட்டது. அதற்குப் பிறகு அவர் விடவில்லை. மறு ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அவர் கணக்கிட்டுச் சொன்ன இடத்துக்கே அது வந்தது. பாதை உறுதியானது.

அந்தப் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பழைய படங்களிலும் தேடினார். ஒன்பது ஆண்டுக்கு முந்தைய படம் ஒன்றில், கணக்கு சொன்ன அதே இடத்தில், ஒரு சிவப்பு வட்டம் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு லூர்தம்மாளிடம் வந்தார். பெயருக்கான விண்ணப்பத்தையும் மேசையில் வைத்தார். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"இது உங்களோடது மேடம். நீங்கதான் முதல்ல."

"மறுநாள்லேர்ந்து மழை. அப்புறம் தேடினேன், கிடைக்கலை."

"இருந்தாலும், பேர் வைக்கற உரிமை உங்களுக்குத்தானே."

"வட்டத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கேன்? வாசிங்க."

சங்கரபாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கண்டேன்."

"அவ்வளவுதான் சார். வீட்டம்மா பேரைப் பிழையில்லாம எழுதுங்க."