மக்கு வைத்த பள்ளம்

"மூணு வருசமாச்சுங்க மேஸ்திரி. இன்னும் நீங்க ஒருக்கா தடவிப் பாத்தாத்தான் நாஞ்செஞ்ச வேலை வெளிய போகோணுமா?"

கேட்டவர் சுபேதார் பொங்கியண்ணன். வயது அறுபத்தொன்று. பட்டாளத்தில் முப்பது வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவர்.

அவருடைய மேஸ்திரி கோகிலவாணிக்கு நாற்பது வயது. கோவையில் துப்பாக்கிக் கழகத்துக்குப் பின்னால் மரப்பட்டறை வைத்திருந்தாள். வயதுப்படி அவர் அவளை அம்மணி என்றுதான் கூப்பிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி என்று கூப்பிட்டுவிட்டார். யார் மேலதிகாரி என்பது பட்டாளத்துக்காரருக்குச் சொல்லாமலே தெரியும்.

 கோகிலவாணி மூலையில் கிடந்த, இரும்பு கழற்றிய துப்பாக்கியின் மரக்கட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிடிக்கிற இடத்தில் உடைந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது.

"ஏட்டம்மா ஜெயசீலியோடது. அடுத்த மாசம் போட்டியாம். இதே மாதிரி புதுசு வேணுமாம்."

"நீங்க பாக்க மாட்டீங்களா?"

"கையே வெக்க மாட்டனுங்க."

சுபேதாருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செதுக்குகிற காப்பி மெஷினில் பழைய கட்டை ஒரு பக்கம், புது அக்ரூட் மரம் ஒரு பக்கம் மாட்ட வேண்டும். பழையதை ஓர் இரும்பு விரல் தடவிக்கொண்டே போகும். அதே மேடு பள்ளத்தைப் பக்கத்தில் கத்தி வெட்டிக்கொண்டே வரும். மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. பழையதில் விரிசல் இருந்தால் புதியதிலும் விரிசல் விழும். அதனால் முதலில் பழையதைச் சரிசெய்தாக வேண்டும்.

சுபேதார் மரத்தூளையும் பசையையும் மக்காகக் குழைத்து விரிசலில் வைத்து அடைத்தார்.

பிடிக்கு வலப்பக்கம், கட்டைவிரல் படுகிற இடத்தில் கோணல்மாணலாக ஒரு பள்ளமும் இருந்தது. அவர் இருந்த பட்டாளத்தில் ஆயிரம் துப்பாக்கி என்றால் ஆயிரத்துக்கும் ஒரே கட்டை. பள்ளம் என்றால் பழுது. அதிலும் மக்கு வைத்து வழவழவென்று தேய்த்தார்.

கோகிலவாணி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு டீ குடிக்கப் போய்விட்டாள்.

மெஷின் வெட்டி முடித்ததும் உப்புத்தாள் பிடித்தார். ஈரத்துணியால் துடைத்து, எழும்பி நின்ற நாரை மறுபடி தேய்த்தார். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்ப்பார், ஒரு நாள் காயவிடுவார், மறுபடி தேய்ப்பார். இப்படிப் பதினொரு பூச்சு. மூன்றாவது வாரம் கட்டை பளபளவென்று நின்றது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று பார்த்தார். சல்யூட் அடிக்காத குறைதான்.

ஜெயசீலி வந்தார்.

"அய்யோ, என்ன அழகு சார்!"

சுபேதார் குழலும் விசையுமான இரும்பைக் கட்டையில் பொருத்தி, குண்டு இல்லை என்று திறந்து காட்டி நீட்டினார்.

ஜெயசீலி தோளில் வைத்தார். இறக்கினார். மறுபடி வைத்தார். மறுபடி இறக்கினார்.

"அழகா இருக்கு சார். ஆனா என் துப்பாக்கி மாதிரி இல்ல. விரல் நிக்க மாட்டேங்குது. இங்க ஒரு குழி இருந்துச்சே? நானே கண்ணாடித் துண்டு வச்சுச் சுரண்டினது."

சுபேதாருக்குக் காது சூடேறியது. ஓரக்கண்ணால் பார்த்தார். கோகிலவாணி ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"புதுசு பாருங்கம்மா. நாலு நாள்ல பழகிரும்."

தீட்டுகிற சத்தம் நின்றது.

"யாரு பழகோணுமுங்க?" என்றாள் கோகிலவாணி.

சத்தம் மறுபடி தொடங்கியது.

சுபேதாருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது.

"அம்மா, உங்க கையைக் காட்டுங்க."

ஜெயசீலியின் வலது கட்டைவிரல் மடங்கவில்லை. என்றோ எலும்பு உடைந்து, நேராகவே கூடியிருந்தது. மூன்று வாரமாகக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் அந்த விரலை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அரத்தை எடுத்தார். பதினொரு பூச்சின் மேலேயே அதை வைத்தார். 

நாலு இழுப்பு. "வெச்சுப் பாருங்க."

இன்னும் நாலு. "இப்ப?"

"கொஞ்சம் பின்னால சார்."

பளபளப்பின் நடுவே மரம் வெளிறித் தெரிந்தது. நீட்டுவதும் வாங்குவதும் ராவுவதுமாக ஒரு மணி நேரம் போயிற்று.

கடைசியாக வாங்கித் தோளில் வைத்த ஜெயசீலி அழகு என்று சொல்லவில்லை. கட்டையைப் பார்க்கக்கூட இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தேதியைக் குறிபார்த்து, மூச்சை அடக்கி, அப்படியே நின்றார். பக்கத்தில் ஆட்கள் இருப்பதே மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

சுபேதாருக்கு நெஞ்சு விம்மியது. சட்டையில் பதக்கம் குத்திவிட்ட அன்றைக்குக்கூட இத்தனை பெருமையாக இல்லை.

மெல்ல மேஸ்திரியிடம் போனார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"எண்ணெய் பூசறக்கு முன்னால, நீங்க ஒருக்கா தடவிப் பாத்துருங்க."

கோகிலவாணி தலையைத் தூக்கி ஜெயசீலியைப் பார்த்தாள்.

"அவிங்க இன்னும் கீழயே வெக்கலீங்களே. அப்பறம் நா எதுக்குங்க?"