குரல் கொடுக்காத வண்டி

அந்தக் கோடையில் காட்டுக் குளம் வற்றிச் சேறாகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரிக்குத்தான் போக வேண்டும். வலுவான விலங்குகள் நடந்தே போயின. வசதியுள்ளவை காட்டுப்பன்றியின் வண்டியில் போயின.

அது இலுப்பை எண்ணெயில் ஓடும் வண்டி. கிளம்பினால் காடே அதிரும், கண்ணைக் கரிக்கும் புகை வேறு. ஒரு தடவை போய்வர ஒரு தேனடை கேட்டது காட்டுப்பன்றி. "இஷ்டம் இருந்தா ஏறு, இல்லாட்டி நடந்து போ" என்பதுதான் அதன் வியாபாரப் பேச்சு.

நடக்கவும் முடியாமல், தேனுக்கும் வழியில்லாமல் சின்னப் பிராணிகள் தவித்தன. அவற்றில் ஒன்று சருகுமான். முயல் அளவே இருக்கும் மான் அது. ஒருமுறை கண்ணியில் மாட்டித் தப்பியதில் அதற்குப் பின்னங்கால் ஊனம். குட்டியைப் புதருக்குள் விட்டுவிட்டு நொண்டி நொண்டி ஏரிக்குப் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை தாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காட்டில் ஒரு மரநாய் இருந்தது. கெட்டிக்கார மரநாய். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அது யோசித்து யோசித்து மின்சாரத்தில் ஓடும் சின்னக் கார் ஒன்றைச் செய்தது. பகலில் வெயிலில் நிறுத்தினால் போதும், மின்சாரம் தானே ஏறிக்கொள்ளும். எண்ணெய் வேண்டாம், புகை கிடையாது. விலை ஒரு கூடை நாவற்பழம்தான்.

செய்தி பரவியதும் முதல் ஆளாக முன்பதிவு செய்தது சருகுமான்.

அறிமுக விழாவுக்குக் காடே திரண்டது. புது வண்டிக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பது மனிதர் வழக்கம். காட்டில் எலுமிச்சைக்கு எங்கே போவது? நாலு நெல்லிக்காய் வைத்து நசுக்கின. பிறகு ஆளுக்கொரு கருத்துச் சொல்லத் தொடங்கின. கருத்துச் சொல்வதற்கு நாவற்பழம் தேவையில்லை அல்லவா?

"தோகையை எங்கே வைக்கிறது?" என்றது மயில்.

"விலை இவ்வளவு கம்மின்னா உள்ளே ஏதோ கோளாறு இருக்கு" என்றது நரி. கூட்டம் கலைந்ததும் மரநாயைத் தனியே இழுத்து, "எனக்கு ரெண்டு எடுத்து வை" என்றும் அதுவே சொன்னது.

குரங்குகளுக்கு வண்டி மிகவும் பிடித்துவிட்டது. குடும்பத்தோடு மொத்தமும் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தன. "எனக்கென்னப்பா அவசரம்?" என்று கேட்டது ஆமை. கேட்டுவிட்டு, "இருக்கையைக் கொஞ்சம் சாய்க்க முடியுமா?" என்றும் விசாரித்தது.

காட்டுப்பன்றி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூக்கைச் சுருக்கியது.

"சத்தமே இல்லையே. வண்டின்னா உறும வேணாமா? இது வண்டியா, பஞ்சுமூட்டையா?"

கூட்டம் சிரித்தது. மரநாய்க்கு முகம் கறுத்தது. தொழில் போகிறதே என்ற எரிச்சலில்தான் பன்றி பேசுகிறது என்று தெரிந்தும், சிரிப்பு சுட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் சருகுமான் தயங்கித் தயங்கி முன்னே வந்தது.

"அண்ணே, வண்டி ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு குறை. சத்தம் இல்லையே."

"நீயுமா? உனக்கு எவ்வளவு தேன் கொடுத்தான் அந்தப் பன்றி?"

"ஐயோ, அது இல்லண்ணே. பாறை வளைவுல எல்லாரும் குரல் கொடுத்துட்டுத்தானே வருவோம்..."

பாறை வளைவு என்பது ஏரிப் பாதையில் ஒரு குறுகலான திருப்பம். அந்தப் பக்கம் வருவது இந்தப் பக்கம் தெரியாது. அதனால் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வளைவு வந்தால் குரல் கொடுக்க வேண்டும். யானை ஒரு கிளையை முறிக்கும். கரடி இருமும். முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக் கலகலக்கும். சத்தமில்லாமல் அங்கே வருவது வேட்டைக்கு வரும் சிறுத்தை மட்டும்தான்.

"எங்க பிள்ளைங்களுக்கு நாங்க சொல்லிக் கொடுக்கிறது இதுதான். சத்தம் போட்டு வந்தா ஒதுங்கு. சத்தமில்லாம வந்தா அசையாம நில்லு, சருகோட சருகா நில்லு. உங்க வண்டி வந்தா பிள்ளை ஒதுங்காது. நடுவழியில அப்படியே நின்னுடும்" என்றது சருகுமான்.

மரநாய் பிறந்ததிலிருந்து கிளைவிட்டுக் கிளை தாவியே ஏரிக்குப் போனது. பாறை வளைவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. குரல் கொடுக்க வேண்டிய தேவையும் அதற்கு வந்ததில்லை. சருகுமான் சொன்ன அத்தனையிலும் அதன் காதில் விழுந்தது 'சத்தம் இல்லை' என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான்.

"பன்றி சொன்னதையே நீயும் சொல்றே. உன் முன்பதிவு ரத்து. நீ நடந்தே போ."

சருகுமான் தலையைத் தாழ்த்திக்கொண்டு நொண்டியபடி போய்விட்டது.

மறுநாள் காலையில் வெள்ளோட்டம். மரநாய் ஓட்ட, ஆமை பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. "காத்து முகத்துல படுதப்பா!" என்று ஆமை வியந்துபோனது. பாவம், வாழ்நாளில் முதல் தடவை. மரநாய் பெருமை தாங்காமல் வேகத்தைக் கூட்டியது.

பாறை வளைவு திரும்பியதும் நடுவழியில் சருகுமான் குட்டி நின்றது. தாய் போன வழியைத் தேடிப் புதரைவிட்டு வந்திருந்தது. சத்தமில்லாமல் ஏதோ வருவதைக் கண்டதும், சொல்லிக் கொடுத்தபடியே அசையாமல் நின்றுவிட்டது.

"ஒதுங்கு, ஒதுங்கு!" என்று கத்தியது மரநாய். அந்தக் குரல் பிந்திய குரல். மரநாய் வண்டியை ஒடித்துத் திருப்பியது. வண்டி முட்புதருக்குள் பாய்ந்தது. ஆனாலும் பின்சக்கரம் குட்டியின் முன்னங்காலில் உரசித் தோலைக் கிழித்துவிட்டது.

குட்டி அப்போதும் அசையவில்லை, அழவுமில்லை. மரநாய் முட்புதரிலிருந்து இறங்கி அதனிடம் ஓடியது.

நொடியில் கூட்டம் கூடிவிட்டது. ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த தாயும் கத்தல் கேட்டுத் திரும்பி வந்தது. காட்டுப்பன்றிக்குத் துள்ளிக் குதிக்காத குறை. "நான் அப்பவே சொன்னேன் இல்ல? இந்த வண்டியைத் தடை பண்ணணும்!" என்றது. ஆமாம், ஆமாம் என்று பல குரல்கள் எழுந்தன. நரியின் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

காட்டுக்குத் தலைவியான பெண்யானை கூட்டத்தை அமைதிப்படுத்தியது.

"அடிபட்டது உன் பிள்ளை. நீ சொல்லும்மா. வண்டியைத் தடை பண்ணலாமா?"

எல்லாக் கண்களும் சருகுமான்மேல் திரும்பின. அது குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டிருந்தது. மரநாய் மண்ணைப் பார்த்தபடி நின்றது. நேற்று அது விரட்டிய சருகுமானின் வாயிலிருந்துதான் இன்று அதன் வண்டிக்கு வாழ்வோ சாவோ வர வேண்டியிருந்தது.

"வண்டி வேணும்மா. வண்டி இல்லாததாலதான் நான் பிள்ளையைத் தனியா விட்டுட்டுப் போறேன். தனியா விட்டதாலதான் அது இங்க வந்துச்சு. தடை பண்ணிட்டா நாளைக்கும் இதே கதைதான். எனக்கு வண்டியும் வேணும், அதுக்குக் குரலும் வேணும்" என்றது சருகுமான்.

மரநாய் அருகே வந்தது.

"தங்கச்சி, நீ சொன்னதை நான் காது கொடுத்துக் கேட்கலை. அவன் சொன்னதும் நீ சொன்னதும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன். தப்பு என்மேலதான். நாளைக்குள்ள குரல் வந்துடும்."

உடனே யோசனைகள் குவிந்தன. மயில் வண்டியின் கூரையில் உட்கார்ந்து அகவத் தயார் என்றது. குரங்குகள் ஊளையிடக் கிளம்பின. தன் பழைய எந்திரத்தைத் தருவதாகச் சொன்ன காட்டுப்பன்றி, அதற்கு நாலு தேனடை கேட்டது. மரநாய் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கிளைக்குத் தாவாமல் தரையில் நடந்து பாறை வளைவுக்குப் போனது.

அங்கே வெகுநேரம் கண்ணை மூடி நின்றது. முள்ளம்பன்றி வரும் சத்தம் கேட்டது. கரடி இருமுவது கேட்டது. பிறகு மேலே காற்று அடித்தது. வாகை மரத்தில் காய்ந்து தொங்கிய நெற்றுகள் கலகலவென்று குலுங்கின. மரநாய் சட்டென்று மரத்தில் ஏறியது.

அடுத்த நாள் வண்டிச் சக்கரங்களில் வாகை நெற்றுகள் கொத்துக் கொத்தாகக் கட்டப்பட்டிருந்தன. சக்கரம் சுழன்றால் அவை தாமே குலுங்கும். துளி மின்சாரம் செலவில்லை, விலையும் ஏறவில்லை.

சோதனைக்குக் குட்டியையே நிறுத்தச் சொன்னது தாய். யானைக்கே திக்கென்றது. குட்டி வளைவின் நடுவில் போய் நின்றது. தாய் ஓரத்தில் நின்றது, பிடித்துக்கொள்ளவில்லை.

மரநாய் வண்டியை மெல்ல ஓட்டி வந்தது. கலகல, கலகல. குட்டியின் காதுகள் இரண்டும் திரும்பின. அது ஒரு நொடி கேட்டது. பிறகு வழியில் போகும் யாருக்கோ இடம் விடுவதுபோல, கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்து நிதானமாக ஓரத்துக்கு ஒதுங்கியது.

வண்டி வளைவைத் தாண்டி நின்றது. மரநாய் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தது.

"முதல் வண்டி உன்னுதுதான் தங்கச்சி. பிள்ளையையும் ஏத்திக்கோ."

அன்றைக்குத் தாயும் குட்டியும் சேர்ந்து ஏரியில் தண்ணீர் குடித்தன. கோடை முடிவதற்குள் காட்டுப் பாதை முழுக்கக் கலகலப்பு கேட்டது. இலுப்பை எண்ணெய் தீர்ந்துபோன ஒருநாள் காட்டுப்பன்றியும் நாவற்பழக் கூடையோடு வந்து வரிசையில் நின்றது. மரநாய் அதற்கும் ஒரு வண்டி கொடுத்தது.

கெடுக்க நினைப்பவரும் ஒரு குறையைச் சொல்வார், வாழ நினைப்பவரும் அதே குறையைச் சொல்வார். சொல்லை மட்டும் கேட்காமல் காரணத்தையும் கேட்பவரின் முயற்சியே வெற்றி பெறும்.