மருதாயியின் பாதிக் கை

உடம்புக்குள் இருந்த செல்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்ட காலம் அது. கிருமி பிடிக்கும் செல்களான காவல்காரிகள் எலும்பு மஜ்ஜையில் பிறப்பார்கள். பிடிக்கக் கை வேண்டுமே! தங்கள் மரபணுவையே துண்டு துண்டாக வெட்டி ஒட்டி இரண்டு இழை திரிப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் ஒரு கை. செய்த கையோடு ரத்தத்தில் குதித்துவிடுவார்கள். எந்தக் கை எதைப் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படிக் குதித்த பூவாத்தா, கிருமி என்று நினைத்துக் கல்லீரலையே கவ்விவிட்டாள். கல்லீரல் அவளை உதறித் தள்ளிவிட்டு, வீங்கிய உடம்போடு கதவைச் சாத்திக்கொண்டது.

"இனி காவல்காரி ஒருத்தியும் இந்தப் பக்கம் வரக் கூடாது!"

உள்ளே நிஜமாகவே ஒரு கிருமி ஒளிந்திருந்தது. கேட்பார் இல்லாமல் அது பெருகத் தொடங்கியது.

பூவாத்தாவின் அக்கா மருதாயிக்குச் சேதி வந்தபோது அவள் முதல் இழையைத்தான் முடித்திருந்தாள். வெட்கமும் பயமும் பிடுங்கித் தின்றன. ரத்தத்தில் குதிக்காமல், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் ஒதுங்கினாள். உடம்பின் எல்லா உறுப்புகளிலும் ஒரு துண்டு மாதிரி வைத்திருக்கும் கோமு என்ற செல் அங்கே குடியிருந்தாள்.

"என்னடி, பாதிக் கையோட நிக்கிற?"

"இந்தப் பாதியே சரியான்னு தெரியலக்கா. இது கோணலா இருந்தா மிச்சத்தைச் செஞ்சு என்ன பிரயோஜனம்?"

மருதாயி தற்காலிகமாக ஒரு இழையைச் செய்து முதல் இழையோடு கட்டிப் பார்த்தாள். கட்டியதுதான் தாமதம், இரண்டும் கச்சிதமாகப் பொருந்தி, சிலீரென்று ஒரு சிலிர்ப்பு உட்கரு வரைக்கும் ஓடியது.

"அக்கா, சரியா வந்திருக்கு!"

அந்தக் குஷியில் அவள் ஒன்று பத்தாகி, பத்து நூறானாள். மருதாயியும் அவள் பிரதிகளுமாக நூறு பேரும் தற்காலிக இழையைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு விதமாக இரண்டாவது இழையைத் திரித்தார்கள்.

"அப்புறமென்ன, கிளம்ப வேண்டியதுதானே?" என்றாள் கோமு.

"பூவாத்தாவும் இப்படித்தானே கிளம்பினா. நம்ம உடம்போட துண்டுகளை ஒண்ணொண்ணா நீட்டுக்கா. கல்லீரல் துண்டையும் நீட்டு. இறுக்கிப் பிடிச்சாலும் சரி, எதுவுமே உறைக்காத மரத்த கையா இருந்தாலும் சரி, இங்கேயே கரைஞ்சு போயிடறோம்."

"நிஜமாவா சொல்ற?"

"நிஜமாத்தான்."

பலருடைய கைக்கு எதுவுமே உறைக்கவில்லை. சிலர் இறுக்கிப் பிடித்தார்கள். சொன்ன சொல் மாறாமல் இந்த இரண்டு வகையினரும் கரைந்தார்கள். கடைசியில் மருதாயி கல்லீரல் துண்டைத் தொட்டாள். லேசாகக் கூசியது, அவ்வளவுதான். கை தானாக விலகியது. கோமு அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

மருதாயி நேரே போய்க் கல்லீரலின் கதவைத் தட்டினாள். "ஒரு தடவை தொட்டுக்கறேன். வலிச்சா துரத்திடுங்க."

கல்லீரல் பயந்து பயந்து விரலளவு திறந்தது. அவள் தொட்டாள். வலிக்கவில்லை. உள்ளே போனவள், கிருமி புகுந்திருந்த செல்களைத் தொட்டதும் கை தானாக இறுக, ஒவ்வொன்றாகப் பிடித்து முடித்தாள். நாலே நாளில் வீக்கம் வடிந்தது.

"ஏம்மா, உன்னை மாதிரி இன்னும் நாலு பேரை அனுப்பி வையேன்!" என்றது கல்லீரல்.

காவல்காரிகள் முதல் இழையைச் சோதித்த பிறகே இரண்டாவதைத் திரிப்பதும், தைமஸில் சொந்த உடம்பைத் தொட்டுப் பார்த்த பிறகே ரத்தத்தில் இறங்குவதும் மருதாயி தொடங்கிவைத்த வழக்கம்தான்.