கழுத்து சுளுக்கிய ராஜாவும் முத்திரை ஓலையும்

முன்னொரு காலத்தில், கட்டளை எழுதுகிறவர்கள் பெருத்து, படிக்கிறவர்கள் சிறுத்துப்போன ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். எவனோ ஒரு போலி வைத்தியன் கொடுத்த சூரணத்தைத் தின்று மூன்று நாள் வயிற்றாலே போய்ப் படுத்துக் கிடந்தார். நான்காம் நாள் எழுந்து, "முத்திரை ஓலை இல்லாத எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. பார்த்தால் சிறை" என்றார். சொன்னதில் தப்பில்லை. அதை எழுதும் வேலை அரண்மனை வைத்தியர் நீலமேகப் பண்டிதரிடம் போனதுதான் தப்பு. தமக்குப் போட்டி முளைக்கக் கூடாதென்று அவர் ஒரு வரி சேர்த்தார்: முத்திரை பெற்ற குருவிடம் பன்னிரண்டு ஆண்டு படித்தவருக்கே முத்திரை.

ஒரு வாரத்துக்குள் நெசவாளர் தெரு மருத்துவச்சி பேச்சாயியைச் சிறையில் போட்டார்கள். பிரசவம் பார்த்ததுதான் குற்றம்.

மறுநாள் காலை விகடன் குப்பாண்டி அலுப்போடு அரண்மனைக்கு வந்தான். இருபது வருஷமாய் இதே பிழைப்பு. சிரிக்க வைப்பதும் மூட்டை தூக்குவது போலத்தான். ஒன்றை இறக்கினால் அடுத்தது தோளில் ஏறும். வாசலில் நெசவாளி மாரப்பன் அவன் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, விடிஞ்சதுலேர்ந்து என் பொண்டாட்டிக்கு வலி. தலைப்பிள்ளை. சிறைக்குப் பயந்து ஒருத்தியும் கிட்ட வரமாட்டேங்கிறா. பேச்சாயி அக்காவ விடச் சொல்லுங்கண்ணே."

"காலை விடப்பா. ஏற்கெனவே வலிக்கிற கால்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சபையில் ராஜாவின் முகம் பக்கத்துத் தூணைப் பார்த்தபடி இருந்தது. கழுத்துச் சுளுக்கு. பண்டிதர் எண்ணெய்க் கிண்ணத்தோடு நெருங்கினார்.

"தொடாதீர்கள், பண்டிதரே. தங்கள் முத்திரை ஓலை எங்கே?" என்றான் குப்பாண்டி.

"மூடனே, முத்திரை கொடுப்பவனே நான்."

"தாங்கள் யாரிடம் படித்தீர்கள்?"

"என் தகப்பனாரிடம்."

"அவருக்கு முத்திரை உண்டா?"

"அவர் காலத்தில் முத்திரை ஏது? கட்டளை பிறந்தே எட்டு நாள்தானே ஆகிறது."

"அப்படியானால் முத்திரை பெற்ற குரு நாட்டில் ஒருவரும் இல்லை. குரு இல்லாததால் இனி எவரும் பெறப்போவதும் இல்லை. அரசே, தூணைப் பார்த்தே ஆட்சி செய்யுங்கள். நல்ல தூண்தான்."

ராஜா முனகினார். "உயிர் போகிறதடா. என்னை யார்தான் தொடலாம்?"

"ஒருத்தி தொடலாம். வைத்தியம் பார்த்தால் சிறை என்பது கட்டளை. ஏற்கெனவே சிறையில் இருக்கிற பேச்சாயியை இனி எங்கே கொண்டுபோய் அடைப்பது? அதோடு அவள் இரட்டைப் பிள்ளை பெற்றவள்."

இரட்டை பெற்றவள் எண்ணெய் தொட்டு வழித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்ற ஊர் நம்பிக்கை ராஜாவுக்கும் தெரியும். பேச்சாயியை விலங்கோடு அழைத்து வந்தார்கள். குப்பாண்டி அவள் காதில் மாரப்பன் சேதியைச் சொன்னான்.

"மூச்ச விடுங்க சாமி" என்று பேச்சாயி எண்ணெய் தொட்டு மூன்று தரம் வழித்தாள். நரம்பு விட்டுக்கொடுத்தது. தலை திரும்பியது. "நெசவாளர் தெருவுல ஒரு பொண்ணு வலியில கெடக்குறா சாமி. விலங்க எடுக்கச் சொல்லுங்க."

எடுத்ததும் ஓடினாள்.

ராஜா பண்டிதரை நேருக்கு நேர் பார்த்தார். "அந்த வரியை அடியும். ஏட்டில் படித்தவரோ, கையால் கற்றவரோ, யாரானாலும் அவர் வேலையைப் பக்கத்தில் இருந்து பாரும். தேறினால் முத்திரை கொடும். முதல் ஓலை பேச்சாயிக்கு. அதை வாங்காமல் எங்கே ஓடுகிறாள்?"

"ஓலை எழுதி முடியும்வரை பிள்ளை காத்திருக்குமா, அரசே?" என்றான் குப்பாண்டி.

ராஜா கழுத்து வலிக்காமல் வாய்விட்டுச் சிரித்தார். பொன்முடிப்பு ஒன்றைக் குப்பாண்டியிடம் கொடுத்து, "இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"நாளை ஒரு நாள் என்னை யாரும் விகடம் கேட்கக் கூடாது."

அதற்கும் சிரித்தார்.

நெசவாளர் தெருவில் பெண் பிறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று சேதி வந்தபோது, குப்பாண்டி பொன்முடிப்பைத் தலைக்கு வைத்துச் சபையிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பப் போன சேவகனை ராஜா கையமர்த்தினார்.