புடலங்காய் வாலில் தொங்கின கல்லு

அந்தக் காலத்துல கொடி, காய், கல்லு எல்லாமே வாய் பேசும். ஒரு தோட்டத்துக்குள்ள நுழைஞ்சா சந்தைக்கடை தோத்துப்போகும், அவ்வளவு சளசளப்பு.

மாடத்தின்னு ஒருத்தி வாய்க்கால் கரையில தோட்டம் வச்சிருந்தா. அவ போட்ட மூங்கில் பந்தல்ல ஒரு பக்கம் பாவக்கொடி, இன்னொரு பக்கம் புடலங்கொடி. புடலைன்னு ஒண்ணு இருக்கிறதே அதுவரைக்கும் அந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. எங்கேருந்தோ ஒரு காக்கா கொண்டாந்து போட்ட ஒத்த விதையில முளைச்சது.

புடலங்கொடிக்கு மேல ஏறுறதுன்னா உசிரு. அதோட கை கம்பி மாதிரி மெல்லிசா இருக்கும். எதுலயாவது லேசா உரசினா போதும், சுத்திச் சுத்திப் பிடிச்சுக்கிடும். பூ வாடிப் பிஞ்சு நீள ஆரம்பிச்சதும் ஒவ்வொரு பிஞ்சுகிட்டயும் அது ஒரே புத்திதான் சொல்லும். "மேல பாத்து வளரு மக்கா. கிடைச்சதைப் பிடிச்சுக்கோ. பிடிச்சதை விட்டுறாத."

கொடிக்கு அது நல்ல புத்திதான். ஆனா காய்க்கு? ஒரு பிஞ்சு மூங்கிலைச் சுத்துச்சு. ஒண்ணு தன் வாலையே பிடிச்சு வளையமாச்சு. இன்னொண்ணு பந்தல் மேல ஏறி, இலைக்கு நடுவுல சுருண்டு படுத்துருச்சு. அதைப் பறிக்கக் கையை விட்ட மாடத்தி புருசன் சுடலை, பாம்புன்னு நினைச்சு கட்டின வேட்டியோட வாய்க்கால்ல குதிச்சான். பாவக்கொடி சிரிச்ச சிரிப்புல அதோட பூ ரெண்டு உதிர்ந்துபோச்சு.

சந்தையில அந்தக் காயை ஒருத்தரும் தொடல. கொண்டுபோன கூடையை அப்படியே திருப்பிக் கொண்டாந்து வச்ச மாடத்தி, கொடி முன்னால நின்னு சொன்னா. "அடுத்த சந்தைக்குள்ள ஒரு காயாவது நேரா தொங்கணும். இல்லைன்னா உன்னைப் பிடுங்கிட்டு சுரை வைப்பேன்."

கொடிக்கு வேர் வரைக்கும் ஆடிப்போச்சு. ஒரு காய் கூட இன்னும் முத்தல, உள்ள விதையும் ஆகல. இப்பப் பிடுங்கினா அந்த ஊர்ல புடலைங்கிற பேச்சே இருக்காது. பிஞ்சுககிட்ட கீழ பாருங்கன்னு கெஞ்சிப் பாத்துச்சு. கடைக்குட்டிப் பிஞ்சு மட்டும் வாயைத் திறந்துச்சு. "நீ மட்டும் மேலயே பாக்குதியே?"

"வருத்தப்படாதீய மதினி, பாம்பாட்டி வந்தா மொத்தமா வாங்கிக்கிடுவான்"னு பாவக்கொடி வேற எடுத்துவிட்டுச்சு.

பந்தக்காலுக்குக் கீழ ஒரு கல்லு கிடந்துச்சு. வாய்க்கால் கரை கட்டினப்போ மிஞ்சினது. இதையெல்லாம் கேட்டுக்கிட்டே கிடந்த அது மெல்லக் கூப்பிட்டுச்சு.

"ஏ தங்கச்சி, எனக்கு ஒரு ஆசை. சுத்தி எல்லாம் முளைக்குது, பூக்குது, ஏறுது. நான் மட்டும் போட்ட இடத்துலயே கிடக்கேன். ஒரே ஒரு தடவை என்னை மேல தூக்கேன், வாய்க்காலுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு பாத்துக்கிடுதேன்."

"உங்களைத் தூக்கி எங்க வைக்க அண்ணாச்சி? என் பாடே இங்க கந்தலா கிடக்கு."

"உன் கடைக்குட்டி வாலுல தொங்கவிடு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை கீழ இழுக்கிறதுதான்."

கல்லைத் தூக்க ஒரு கை வேணும். இருக்கிற கையெல்லாம் மூங்கிலைப் பிடிச்சிருக்கு. பிறந்ததுலேருந்து கொடி பிடிச்சதை விட்டதே இல்ல. காத்து வேற சுழட்டி அடிக்குது.

கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையை விட்டுச்சு.

உடம்பு ஒரு பக்கமா சரிஞ்சுது. அந்த நேரம் பக்கத்துலேருந்து ஒரு கை நீண்டு வந்து சுத்திப் பிடிச்சுது. பாத்தா பாவக்கொடி. "என்னைப் பிடிச்சுக்கோங்க மதினி, கேலி வேற, விழுறது வேற"ன்னுச்சு.

விட்ட கை தொங்கித் தொங்கிப் போய்க் கல்லுல உரசுச்சு. உரசினதும் வழக்கம்போலச் சுத்திக்கிட்டு, சுருள் சுருளா இறுகி, கல்லை மேல இழுத்துக் கடைக்குட்டி வாலுல மாட்டிருச்சு.

"அம்மா, மாமா ரொம்ப கனக்காரு."

"மாமன்னா கனக்கத்தான் செய்வான்"னுச்சு கல்லு. "கீழ பாரு, மண்ணு தெரியுதா? உன் விதை போக வேண்டியது அங்கதான்."

பிஞ்சு முதல் தடவையா கீழ பாத்துச்சு. பெறவு அது வளர்ந்ததெல்லாம் கீழ பாத்துத்தான்.

சந்தையன்னைக்குக் காலையில, பிடுங்கணும்னு மாடத்தி கொடியோட அடித்தண்டுல கை வச்சா. மூக்குக்கு நேரா, முழங்கை நீளத்துக்கு ஒரு காய், நூல் பிடிச்சாப்ல தொங்குது. வாலுல ஒரு கல்லு, மெதுவா ஆடிக்கிட்டே வாய்க்காலுக்கு அங்கிட்டு வேடிக்கை பாக்குது. மாடத்தி கையை எடுத்துட்டுச் சிரிச்சா. சுடலையைக் கூப்பிட்டு வாழைநார் கிழிக்கச் சொன்னா. மத்த பிஞ்சுகளுக்கும் ஒவ்வொரு கல்லாக் கட்டினா. கடைக்குட்டியை மட்டும் பறிக்கல, விதைக்குன்னு விட்டா. அது செக்கச்செவேல்னு பழுத்து, வெடிச்சு, விதையெல்லாம் மண்ணுல விழுந்துச்சு.

ஆனா பாருங்க, அம்மா முதல்ல சொன்ன புத்தி விதைக்குள்ள அப்படியே தங்கிருச்சு. வருசாவருசம் புடலம்பிஞ்சு சுருளத்தான் பாக்குது. அன்னைக்குலேருந்துதான் ஜனங்க அது வாலுல கல்லைக் கட்டுறாங்க, கல்லும் வருசத்துக்கு ஒரு தடவை பந்தல்ல தொங்கி ஊரைப் பாத்துக்கிட்டு இருக்கு.